கோட்டுக்கு முன்னே ஒரு கோடு

1950-களில் உடை வடிவமைப்பாளர் ஒருவர் பெண்ணுக்காக ஒரு கோட்டு வரைந்தால், அந்தக் கோட்டைப் பற்றிய முடிவுகள் அநேகமாக எல்லாமே அந்தத் தாளில் இருக்கும். தோள் எங்கே முடிகிறது, இடுப்பை இறுக்கிப் பிடிக்கிறதா தளர விடுகிறதா, விளிம்பு முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது, காலர் கழுத்தோடு ஒட்டுகிறதா விலகி நிற்கிறதா என்பதெல்லாம் கோடுகளிலேயே தெரியும். ஓரத்தில் குத்தி வைத்த துணித்துண்டு, அது கம்பளியா பட்டா என்று சொல்லிவிடும். பெங்களூருவின் தையற்கடையில் பில்லோடு துணியின் ஒரு மூலையை ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் கழுத்து வடிவத்தைப் பேனாவால் கிறுக்கி வைக்கிறார்களே, அதுவும் இதே குடும்பத்துத் தாள்தான். தைத்து முடித்த உடைக்குத் தரும் மதிப்பை இந்தத் தாள்களுக்கும் தந்து பாதுகாக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று உடை வடிவமைப்பாளர் பானு அதையா. 1929-இல் கோலாப்பூரில் பிறந்து, மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். ‘ஈவ்ஸ் வீக்லி’ என்ற பெண்கள் பத்திரிகைக்கு உடைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அதன் ஆசிரியர் உடைக்கடை திறந்தபோது, படம் வரைந்தவரையே உடை உருவாக்கவும் அழைத்தார். திரை நடிகைகள் நர்கிஸும் காமினி கௌஷலும் அவரைத் தேடி வந்தார்கள். 1956-இல் ‘சி.ஐ.டி.’ படத்துக்கு உடை வடிவமைத்தார்; 1983-இல் ‘காந்தி’ படத்துக்காக, ஜான் மோலோவோடு சேர்ந்து ஆஸ்கர். இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர் அது. அவ்வளவு பெரிய தொழில் வாழ்க்கைக்குக் கதவு திறந்தது பத்திரிகைத் தாளில் போட்ட கோடு.

மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம்; உடைப் படத்தில் ஒன்பது தலை உயரத்துக்குப் பெண்ணை நீட்டி வரைவார்கள். அப்படிப்பட்ட பொய்யை எப்படி ஆவணம் என்பது என்று கேட்கலாம். தொழில் தெரிந்த தையற்காரர் அந்த நீட்டலைக் கழித்தே படிக்கிறார். வரைந்தவர் எதை மிகைப்படுத்தினார் என்பதும் ஒரு செய்தி. போர்க்காலத் துணிப் பஞ்சத்துக்குப் பின், 1947-இல் வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் இடையை ஒடுக்கிப் பாவாடையை விரித்ததன் உள்ளக்கிடக்கையை அந்த மிகையில்தான் காண்கிறோம். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: வடிவமைப்பாளர் பலென்சியாகா துணியைத் தானே வெட்டித் தைக்கத் தெரிந்த கைதேர்ந்தவர், படங்களைப் பெரும்பாலும் பிறரே வரைந்தார்கள், ஆகவே வெட்டும் காகித அச்சுதானே உண்மையான ஆவணம்? அவர் விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சு எப்படி வெட்டுவது என்று சொல்லும். தோள் ஏன் சரிய வேண்டும் என்பதைச் சொல்லாது. படத்தின் உண்மையான குறை வேறொன்று: தைத்தவரின் பெயர் அதில் அநேகமாக இருப்பதே இல்லை. அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இந்தத் தாள்களைக் காக்கும் வேலையைப் பெங்களூருவிலேயே தொடங்கலாம்; மார்கழிக் குளிரில் கோட்டு தேவைப்படும் ஊர் இது. 1884-இல் தொடங்கிய, பின்னி ஆலை என்று அழைக்கப்பட்ட கம்பளி, பருத்தி, பட்டு ஆலை இங்கே ஓடியது. பின்னிபேட்டை என்ற பெயர் அதை இன்னும் நினைவூட்டுகிறது. கம்பளியைப் பூச்சி அரித்துவிடும். தாள் தப்பிக்க வாய்ப்பு உண்டு, யாராவது எடுத்து வைத்தால். கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகம் துணிகளையும் சேகரிக்கிறது. உடை வடிவமைப்பு சொல்லித்தரும் ‘நிஃப்ட்’ கல்லூரியும் இதே ஊரில் இருக்கிறது. படம், வெட்டு அச்சு, தையற்காரர் பெயர் எழுதிய பில் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்தால், அந்தக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுபது வருடப் பழைய கோட்டை மறுபடி தைத்துப் பார்க்கலாம்.