பேச்சு இலவசம்... நம்பர் போனால் அம்போ!

திருவண்ணாமலை:-

இது கார்த்திகை தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலை மேல் சீனிவாசப் பெருமாள் கோவில் கொண்டிருக்கும் திருவண்ணாமலை. சுற்றுவட்டார மக்களுக்கு இதுதான் "தென் திருப்பதி". புரட்டாசி சனிக்கிழமை வந்தால் படிக்கட்டே தெரியாது. அத்தனை கூட்டம்!

அடிவாரத்தில் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு இருப்பார். எதிர்முனையில் மகனோ, மகளோ. கனடாவில் படிப்பு. இங்கே காலை 8 மணி என்றால் டொரண்டோவில் முந்தின நாள் ராத்திரி. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிள்ளை தூங்கப் போகும்.

இந்தப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? ஒரு பைசா கிடையாது!

இதே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார்களில் ஒரு காலத்தில் ஐ.எஸ்.டி. பூத் வாசலில் ஜனம் காத்துக் கிடந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே சிவப்பு எழுத்து மீட்டர். "நல்லா இருக்கியா... சாப்பிட்டியா..." என்பதற்குள் மீட்டர் ஓடிவிடும். அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினவர்களுக்கு, என்ன பேசினோம் என்பதே ஞாபகம் இருக்காது. வெளிநாட்டு டெலிபோன் முழுவதும் வி.எஸ்.என்.எல். என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்த காலம். அந்த ஏகபோகம் 2002-ல் முடிந்தது. போட்டி வந்தது, கட்டணம் இறங்கியது. 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதியும் வந்தது. பூத்காரர்கள் ஜெராக்ஸ் கடைக்கு மாறினார்கள்.

"இனிமே போன் செலவே இல்லை" என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அலமாரியில் சிம்

வழக்கமாக நடப்பது இதுதான்:-

பிள்ளை விமானம் ஏறியாச்சு. அங்கே போய் புது சிம் வாங்கியாச்சு. ஊர் நம்பர் இருந்த சிம் வீட்டு அலமாரியில், பீரோ சாவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "பேசத்தான் வாட்ஸ்அப் இருக்கே, இதுக்கு எதுக்குத் தண்டமா ரீசார்ஜ்?" என்று அப்பா விட்டுவிடுகிறார். நாலு மாதம் ஓடிவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு பீஸ் கட்ட வேண்டும். கல்விக் கடன் பணம் வங்கியில் இருக்கிறது. பிள்ளை அங்கிருந்து பணம் அனுப்பப் பட்டனை அழுத்துகிறது. வங்கி ஓ.டி.பி. அனுப்புகிறது. எந்த நம்பருக்கு? செத்துப்போன நம்பருக்கு!

பணம் இருக்கிறது. எடுக்க முடியவில்லை. பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. நம்பரை மாற்ற வேண்டும் என்றால் கணக்கு வைத்திருப்பவர் நேரில் வர வேண்டும் என்கிறார்கள். வர விமான டிக்கெட் யார் எடுப்பது?

விதி என்ன சொல்கிறது? பிரீபெய்ட் நம்பரை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் போட்டால் கம்பெனி துண்டித்துவிடலாம். ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு நம்பரை உயிரோடு வைக்க வேண்டும். டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. வெறும் 20 ரூபாய்! மலையடிவாரத்தில் இரண்டு டீ குடிக்கிற காசு.

நம்பர் உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ரீசார்ஜ் காலம் முடிந்தால் எஸ்.எம்.எஸ். வருவதையும் நிறுத்திவிடுகிற திட்டங்கள் உண்டு. எஸ்.எம்.எஸ். இல்லை என்றால் ஓ.டி.பி.யும் இல்லை. ஆகவே எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கடைக்காரரிடம் அழுத்திக் கேட்க வேண்டும்.

துண்டித்த நம்பரை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் டிராய் சொன்னது. அதன் பிறகு? அந்த நம்பர் யாரோ ஒருவர் கைக்குப் போகும். உங்கள் பிள்ளையின் வங்கிச் செய்தி அவருக்குப் போகும்!

ராத்திரி 2 மணி

சில வீடுகளில் சிம்மை அப்பாவின் போனிலேயே போட்டு, ரீசார்ஜும் செய்து வைத்திருக்கிறார்கள். இது தப்பில்லை. ஆனால் டொரண்டோவில் கோடைக்கால மாலை நாலரை மணி என்றால் ராஜபாளையத்தில் ராத்திரி 2 மணி. ஓ.டி.பி. வந்து சில நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும். அப்பா எழுந்து கண்ணாடியைத் தேடி, விளக்கைப் போட்டு, ஆறு எண்ணையும் படித்துச் சொல்வதற்குள் "நேரம் முடிந்தது" என்று வந்துவிடும். மறுபடியும் முதலில் இருந்து!

இதைவிட நல்ல வழி, இரண்டு சிம் போடும் போன். ஒன்றில் அந்த ஊர் சிம், இன்னொன்றில் நம்ம ஊர் சிம். புறப்படும் முன்பே இந்திய நம்பருக்கு "இன்டர்நேஷனல் ரோமிங்" வசதியைத் திறந்து வைக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கான ரோமிங்கை மட்டும் கண்டிப்பாக மூடிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்.எம்.எஸ். வருவதற்குப் பொதுவாகக் காசு இல்லை. ஆனால் அந்த நம்பருக்கு வரும் போனை எடுத்தால் காசு! பாசத்தில் சித்தப்பா ஊர் நம்பருக்கே அடித்து, பிள்ளையும் எடுத்துப் பத்து நிமிடம் பேசிவிட்டால் அன்றைய பட்ஜெட் காலி.

அமெரிக்காவில் இருக்கும் மாமா ஐபோன் அனுப்பி வைத்தாலும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கிற ஐபோனில் சிம் செருகும் இடமே இல்லை! இந்திய நம்பரை இ-சிம் ஆக மாற்றினால்தான் அதில் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

வேறு ஒரு கதவும் உண்டு. வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களை என்.ஆர்.ஐ. ஆகக் கருதலாம் என்று ரிசர்வ் வங்கி 2003-லேயே சொல்லிவிட்டது. கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினால், அந்த நாட்டு நம்பரிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ள 2023-ல் அனுமதி வந்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா உள்பட 10 நாடுகளுக்கு முதலில் கொடுத்தார்கள்.

மளிகைக் கடை சிம்

அங்கே போய் எந்த சிம் வாங்குவது? விமான நிலையத்தில் பளபள கவுண்டரில் வாங்குவதுதான் பெரும்பாலும் விலை கூடுதல். ஊருக்குள் போனால் மலிவு.

ஜெர்மனியில் "ஆல்டி" என்ற மளிகைக் கடை அரிசி, பாலோடு சிம்மும் விற்கிறது. இங்கிலாந்தில் "டெஸ்கோ" கடையும் அப்படியே. இவர்களுக்குச் சொந்த டவர் கிடையாது. பெரிய கம்பெனியிடம் நிமிடங்களையும் டேட்டாவையும் மொத்த விலைக்கு வாங்கி, சில்லறைக்கு விற்கிறார்கள். நம்ம ஊர் மொத்த வியாபாரி - சில்லறைக் கடை கணக்குத்தான்!

இந்த வியாபாரத்தில் ஒரு தமிழரும் கொடிகட்டிப் பறந்தார். இலங்கைத் தமிழரான சுபாஸ்கரன் அல்லிராஜா, 2006-ல் லைக்காமொபைல் தொடங்கினார். சொந்த நாட்டுக்குக் குறைந்த காசில் பேச ஆசைப்படும் புலம்பெயர்ந்தவர்களைக் குறிவைத்த சிம் அது. "கத்தி" படம் எடுத்த அதே லைக்காதான்.

வாட்ஸ்அப் வேலை செய்யாத ஊர்

டாக்டர் படிப்புக்கு சீனா, ரஷ்யா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சீனாவில் வாட்ஸ்அப் தடை. அங்கே எல்லோரும் "வீசாட்". ஆனால் 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று! பிள்ளைக்கு வாட்ஸ்அப் இல்லை, அம்மாவுக்கு வீசாட் இல்லை. நடுவில் இமயமலை.

ரஷ்யா 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும் குரல் பேச்சுக்குக் கட்டுப்பாடு போட்டது. துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. எனவே இரண்டாவதாக ஒரு வழியை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஒன்றும் முடியவில்லையா? பழைய ஐ.எஸ்.டி. இருக்கவே இருக்கிறது. காசு போனாலும் குரல் கேட்கும்.

குரல் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரைனில் குண்டு விழுந்தபோது தமிழ்நாட்டுப் பெற்றோர் உணர்ந்தார்கள். கார்கிவ் நகரில் மாணவர்கள் சுரங்க ரெயில் நிலையங்களிலும் நிலவறைகளிலும் பதுங்கினார்கள். சுமி நகரில் சிக்கிய சுமார் 700 இந்திய மாணவர்கள் மார்ச் 8-ந் தேதிதான் வெளியே கொண்டுவரப்பட்டனர். அந்த நாட்களில் இணையத்தைவிடப் பெரிய கவலை சார்ஜ்! பேட்டரி இறங்கினால் மகன் எங்கே என்றே தெரியாது. ஒரு பவர் பேங்க், தூதரக நம்பரும் வீட்டு நம்பரும் எழுதிய ஒரு காகிதம். இரண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். போன் அணைந்தால் நம்பர் யாருக்கு மனப்பாடம்?

"உங்க பையன் லாக்கப்பில்"

பிள்ளை வெளிநாட்டில் என்று தெரிந்தால் மோசடிப் பேர்வழிகளும் மூக்கை நுழைக்கிறார்கள். "உங்க பையனை அந்த ஊர் போலீஸ் பிடிச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று மிரட்டுவார்கள். பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து அடிப்பார்கள். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க மாட்டானே, அதுதான் அவர்கள் கணக்கு. பணம் அனுப்பாமல் பிள்ளையின் அறை நண்பனுக்கு அடியுங்கள். அந்த நண்பனின் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் புகார் சொல்ல வேண்டும்.

சென்னை விமானத்துக்குப் பொதிகை எக்ஸ்பிரசில் பெட்டிகளை ஏற்றும் முன் ஒரு வேலை பாக்கி. அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே போன் தொலைந்தால் டூப்ளிகேட் சிம் வாங்கக் கடைக்குப் போக வேண்டியவர், அந்தப் பெயருக்கு உரியவர்தான்.