பச்சை இலையின் பொய்ச்சாட்சி

குட்டை நீரைப் பச்சையாக்கும் யூக்ளினா என்ற ஒற்றைச்செல் உயிரை 1948இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கலந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். அது சாகவில்லை, வெளுத்துப்போனது. மருந்தில்லாத நீருக்கு மாற்றிய பிறகும் பச்சை திரும்பவில்லை. அதன் வழித்தோன்றல்களும் நிறமற்றே இருந்தன. மூவரில் ஒருவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். 1943இல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தபோது ஸ்ட்ரெப்டோமைசினை மண்ணின் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தவர் இவரே. காசநோய் சிகிச்சைக்கு வழி திறந்த மருந்து பச்சையத்தை அழிக்கும் என்பதும் அவர் கண்முன்னே தெரிந்துவிட்டது.

காரணம் எளிது. இலைக்குள் இருக்கும் பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பசும் பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு செல்லுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டது. ஆனாலும் தன் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அது கைவிடவில்லை. புரதம் செய்யும் ரைபோசோம் இன்றும் பாக்டீரியாவின் சாயலில்தான் இருக்கிறது. டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் என்ற நொதியும் அப்படியே. பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறிவைத்த மருந்துக்கு இலையின் ரைபோசோம் வேற்றாளாகத் தெரிவதில்லை. ‘இது கிருமிக்கு மட்டும்தான், பயிரை ஒன்றும் செய்யாது’ என்று உரக்கடையில் சொல்லும் வாக்கியத்துக்கு உயிரியலில் இடமில்லை.

அப்படியானால் மருந்து பட்ட எல்லாச் செடியும் ஏன் வெளுப்பதில்லை? இங்கேதான் மரபணு வருகிறது.

அரபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துக் களைச்செடி. தாவர ஆய்வகங்களின் வெள்ளெலி. அதில் மார்-1 என்ற மரபணு பழுதான செடிகள் கனாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் முதலிய ஒரே குடும்பத்து மருந்துகள் பலவற்றைத் தாங்கி வளர்ந்தன என்று 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் பசுங்கணிகத்தின் உறையில் அமைந்த ஒரு வாசல். செடி அதை வைத்திருப்பது இரும்புச்சத்தோடு தொடர்புடைய வேலைக்காக என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்; நுண்ணுயிர்க்கொல்லி அதே வாசலில் திருட்டுத்தனமாக நுழைந்துவிடுகிறது. வாசல் பழுதானால் மருந்து உள்ளே போவதில்லை, செடி பிழைக்கிறது. இந்த மரபணுவை அளவுக்கு மீறி இயங்கவைத்த செடிகளோ மருந்துக்கு எளிதில் பலியாயின. மருந்தில்லாதபோதும் சற்று மஞ்சளித்து நின்றன, இரும்பு கொடுத்ததும் தேறின. இரும்பு குறைந்த சூழலில் செடி இந்த மரபணுவின் இயக்கத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு செடி மருந்தை எவ்வளவு உணரும் என்பது அந்த நேரத்தில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பொறுத்தது. எந்த மருந்துப் பொட்டலத்திலும் இதை அச்சிட்டுவிட முடியாது.

வாசலை அடைப்பது ஒரு வழி என்றால், வந்ததைத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. அதே செடியின் டபிள்யூபிசி-19 என்ற மரபணுவைப் புகையிலையில் மிகுதியாக இயக்கியபோது, புகையிலை கனாமைசினைத் தாங்கியது என்று 2005இல் தெரிந்தது. அந்தப் புரதம் இருப்பது செல்லின் சேமிப்புப் பையைச் சுற்றிய சவ்வில். மருந்தை அந்தப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மூன்றாவது வழி, இலக்கையே மாற்றிக்கொள்வது. கைரேஸைக் குறிவைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினைத் தாங்கிய அரபிடாப்சிஸ் ஒன்றில் அந்த நொதியின் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. 1973இல் ஹங்கேரியில் பால் மாலிகா குழுவினர் உருவாக்கிய புகையிலை வகை ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கியது. அந்தக் குணம் தாய்வழியாக மட்டுமே இறங்கியது, ஏனென்றால் மாற்றம் நடந்தது பசுங்கணிகத்தின் சொந்த மரபணுவில். மருத்துவமனைக் கிருமிகள் மருந்தை ஏமாற்றப் பயன்படுத்தும் தந்திரங்களில் சிலவும் இவற்றைப் போன்றவையே.

இந்த மூன்றிலும் நாம் அஞ்சவேண்டியது ஒன்றுதான்: செடி தாங்கினாலும் மருந்து இலையிலேயே இருக்கலாம். மருந்தை இலைக்குள்ளேயே விடாத செடியால் நமக்குத் தொல்லையில்லை. உள்ளே வாங்கியும் பச்சையாகவே நிற்கும் செடிதான் சிக்கல். வெளுத்த இலை விவசாயியை எச்சரிக்கும். பச்சை இலை சந்தைக்கு வந்துவிடும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் மருந்து கலந்த கால்நடை எருவிட்ட மண்ணில் மக்காச்சோளம், வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் மூன்றையும் வளர்த்தார்கள். மூன்றுமே குளோர்டெட்ராசைக்ளினை உறிஞ்சியிருந்தன, டைலோசினை உறிஞ்சவில்லை. அளவு மிகச் சிறியது, அதைச் சாப்பிட்டு யாரும் மயங்கி விழப்போவதில்லை. ஆனால் சிற்றளவு மருந்தோடு பாக்டீரியா பழகும்போதும் எதிர்ப்புத்திறன் வளரக்கூடும். எல்லா இடத்திலும் அளவு சிறியதாக இருப்பதுமில்லை. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டன்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் கூட அவ்வளவு இருக்காது.

வயலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகல் நோய்க்கு 1950களிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் அடித்தார்கள். 1971இலேயே கலிஃபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் அந்த மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமி தென்பட்டது. மரம் தாங்கியது, கிருமியும் தாங்கிக்கொண்டது. மரம் தாங்கியதால்தான் மறுபடி மறுபடி அடிக்கத் துணிவு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் தெளிப்பிலேயே தோட்டம் வெளுத்திருந்தால் யாரும் இரண்டாம் தடவை டேங்கில் கலந்திருக்கமாட்டார்கள்.

நம் ஊரில் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சையின் சொறிநோய்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்பது பங்கு, டெட்ராசைக்ளின் ஒரு பங்கு கலந்த பொடியைப் பல்லாண்டுகளாக அடித்துப் பழகிவிட்டோம். டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவையும் குழப்புகின்றன. அதுவும் பாக்டீரியா வழிவந்த உறுப்புதான். புழுவிலிருந்து எலி வரை, அரபிடாப்சிஸ் உட்பட, பல உயிர்களில் இது 2015இல் காட்டப்பட்டது. இலை மஞ்சளித்தால் நாம் இரும்பு, துத்தநாகக் குறை என்று நுண்ணூட்டம் தேடி ஓடுகிறோம். போன வாரம் என்ன அடித்தோம் என்பதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

அந்த ஸ்ட்ரெப்டோமைசின்-டெட்ராசைக்ளின் கலவையை இறக்குமதி செய்வதையும் தயாரிப்பதையும் 2022 பிப்ரவரி 1 முதல் தடை செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2024 ஜனவரி 1 முதல் பயிருக்கு அடிப்பதையும் தடை செய்வதாகச் சொன்னது. பழைய இருப்பு என்று சொல்லி யாராவது அந்தச் சிறு பொட்டலத்தை நீட்டினால் வாங்காதீர்கள். வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் வாய்க்காலிலோ எருக்குழியிலோ கொட்டிவிடாமல், பிரிக்காமல் எடுத்துப்போய் வட்டார வேளாண்மை அலுவலரிடம் என்ன செய்வதென்று கேளுங்கள்.