குறுக்கும் நெடுக்கும் தமிழ்

மாணவர்களுக்கு நாம் இடும் குறிப்பு ஒன்று: “இரண்டென்று சொல்லி விரைந்து செல், காவிரிக் கரையூர் வரும். கட்டம் மூன்று.” இதை அவிழ்ப்பது எங்ஙனம்? இரண்டு என்பது ‘ஈர்’. விரைந்து செல் என்பது ‘ஓடு’. ஒற்றின்மேல் உயிர் ஏற, நம் ‘ஈரோடு’ பிறக்கிறது! பாதி சொல் விளையாட்டு, பாதி பொருள். இரண்டும் ஒரே சொல்லில் சந்திக்க வேண்டும்.

1913-இல் நியூயார்க் பத்திரிகையொன்றில் ஆர்தர் வின் தொடங்கிய குறுக்கெழுத்தின் சுவை நமக்குப் புதிதன்று. பல வினாக்களின் விடைகளைக் கூட்டி ஒரு சொல்லாக்கும் ‘வினாவுத்தரம்’ தண்டியலங்காரத்திலேயே உண்டு.

ஆனால், ஒரு குறிப்புக்கு இரு விடைகள் பொருந்துமாயின் வெல்வது அறிவன்று, அதிர்ஷ்டமே. மொத்தப் பரிசு மாதம் 1000 ரூபாயை விஞ்சும் போட்டிகளை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது இத்தகைய சூதை எண்ணியே. குழந்தைகளுக்குக் கட்டம் வரைந்து கொடுக்கும் பெற்றோர்களே, பரிசு சிறிதாயினும் குறிப்பு நேர்மையாக இருக்கட்டும். தமிழ் தானே வளரும்.