ஒரு குழந்தைக்காக வரைந்த கதை

ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் இங்கு வரும் பெற்றோருள் சிலர், பிள்ளையின் படுக்கையருகே நாள்கணக்கில் தங்க நேர்கிறது. வலியை மறக்கச் செய்ய அவர்கள் சொல்லும் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றைப் படத்துடன் எழுதிவைக்கலாமே என்றால், ‘நாங்கள் எழுதினால் யார் படிப்பார்கள்?’ என்று தயங்குகின்றனர். அத்தயக்கம் நீங்கவே இக்கட்டுரை.

உலகப் புகழ்பெற்ற ‘பீட்டர் முயல்’ கதை, நோயுற்ற ஒரு சிறுவனுக்காகப் பிறந்தது. தம் முன்னாள் ஆசிரியையின் மகனான ஐந்து வயது நோயல் உடல்நலமின்றி இருப்பதை அறிந்த இங்கிலாந்துப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர், 1893 செப்டம்பர் 4 அன்று அக்கதையைப் படங்களுடன் மடலாக எழுதி அனுப்பினார். நோயல் அம்மடலைப் பாதுகாத்து வைத்திருந்தான். சில ஆண்டுகள் கழித்து அதனை இரவல் பெற்று, பாட்டர் நூலாக்க முயன்றார். பதிப்பகங்கள் பல மறுத்தன. 1901 டிசம்பரில் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். முன்பு மறுத்த பதிப்பகங்களுள் ஒன்று 1902இல் அதனை வெளியிட்டது. பதிப்பகத்தார் மதிப்பறியுமுன், மடலைப் பாதுகாத்த சிறுவன் அறிந்திருந்தான்.

நம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வரலாறும் நினைக்கத்தக்கது. 1940இல் சென்னைச் ‘சக்தி’ அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்த அவரை எழுதத் தூண்டியவர் அவ்விதழின் ஆசிரியர் தி. ஜ. ர. பின்னர் வங்கிப் பணியில் இருந்துகொண்டே வள்ளியப்பா சிறுவர்க்காக எழுதினார். தாம் பெற்ற ஊக்கத்தைப் பிறர்க்கும் அளிப்பார்போல், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார்.

அண்மைச் சான்று அருகிலேயே உண்டு. கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கர், இரயில்வேயில் பணியாற்றியவர். ‘ஆதனின் பொம்மை’ என்னும் சிறுவர் நாவலுக்காக 2023இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்றார். படங்களும் நமக்குப் புதியவை அல்ல. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களை அச்சிட்டே வளர்ந்தது சிவகாசி அச்சுத்தொழில்.

தொடங்குவது எளிது. நான்கு வெள்ளைத் தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 16 பக்கம் கிடைக்கும். பக்கத்திற்கு ஒரு படம், ஓரிரு வரிகள் போதும். படம் காட்டுவதை வரியில் மீண்டும் சொல்ல வேண்டா. பிள்ளையின் கையில் கட்டு இருப்பின், அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படித்துக்காட்டுங்கள். பிள்ளை கண்ணை விலக்கும் இடத்தைச் சுருக்குங்கள். ‘இன்னொரு முறை’ என்று கேட்கும் இடத்தைக் காப்பாற்றுங்கள். அக்கேள்வியினும் பெரிய பாராட்டு எழுதுவோர்க்கு இல்லை.

தீக்காயப் பிரிவில் தாள், வண்ணக்கோல் முதலியவற்றைக் கொண்டுசெல்லுமுன் செவிலியரைக் கேட்பது கட்டாயம். எழுதி முடித்ததும் எங்களுக்கும் காட்டுங்கள். ஆவலுடன் படிப்போம். வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டுடன் அந்நூலும் உங்கள் பிள்ளையோடு செல்லட்டும்.