வரப்புப் புல்லைக் கொஞ்சம் விட்டுவையுங்க

கும்பிடுபூச்சியில் புல்தண்டு மாதிரி ஒல்லியான பேரினம் ஒன்று உண்டு: ஸ்கைசோசெபாலா. இதிலுள்ள ‘பைகார்னிஸ்’ இனத்துக்கு லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்துவிட்டார். கண்கள் கூம்பிக் கூர்மையாக இருக்கும். இந்தியா, இலங்கைப் புல்வெளிகள்தான் இதற்கு வீடு. முன்கால்களை நீட்டித் தண்டோடு ஒட்டி நின்றால் கண்ணுக்கே சிக்காது.

கும்பிடுபூச்சிகள் கிடைத்த பூச்சியைப் பிடிக்கும், தேனீயையும் விடாது. அதனால் இதை மட்டுமே நம்பிப் பூச்சி மேலாண்மை செய்ய முடியாது. ஆனாலும் வயலின் வரவு செலவில் இதற்கும் பங்கு உண்டு.

முட்டைகளை நுரைக்குள் இடும். நுரை காய்ந்து கூடாகும். புல்லைக் கொளுத்தினால் அடுத்த தலைமுறையே போச்சு. தாம்பரம், வண்டலூர் பக்கம் வயலெல்லாம் மனையாகிவிட்டது. மிஞ்சிய வரப்பை ஒரேயடியாகச் செதுக்காதீங்க. ஒரு பக்கம் அறுத்து, அது வளர்ந்த பிறகு மறுபக்கம் அறுங்க. களைக்கொல்லி வேண்டவே வேண்டாம்.