வான்கோ ஓவியத்துல ஒட்டியிருக்கும் நிஜ மணல்!
பொதட்டூர்பேட்டையில இருந்து லீவுல பழவேற்காடு போனா, டச்சுக் கல்லறையை போட்டோ எடுக்காம திரும்பமாட்டீங்க. 1613-ல அங்கே கோட்டை கட்டின அந்த டச்சுக்காரங்க நாட்டுல, மீனவர் வாழ்க்கை எப்படி இருந்துச்சு?

வான்கோ 1882-ல வரைஞ்ச ஸ்கெவெனிங்கன் கடற்கரை ஓவியத்தைப் பாருங்க. கொந்தளிக்கிற கடல்ல ஒரு மீன்பிடிப் படகு. கரையில குதிரை வண்டியோட காத்திருக்கிற ஜனங்க. படகு வர்ற நேரத்துல பழவேற்காட்டுலயும் இப்படித்தானே நிக்கிறாங்க!

சூறைக்காத்துல நின்னே வரைஞ்சார் மனுஷன். ஈரப் பெயின்ட்ல மணல் வந்து அப்பிக்கிச்சு. சுரண்டி எடுத்தும் கொஞ்சம் தங்கிடுச்சு. 2002-ல ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்துல திருடுபோன இந்த ஓவியம், 2016-ல இத்தாலியில கிடைச்சப்போ இடதுபக்க கீழ்மூலையில பெயின்ட் பேர்ந்திருந்தது. ஒட்டின மணல், இன்னும் அதுலதான் இருக்கு.