குப்பைப் பை ரோடு ஆச்சு! மதுரைப் பேராசிரியர் சாதித்த கதை

காய்கறி வாங்கி வந்த பாலிதீன் பையை என்ன செய்கிறோம்? குப்பையில் வீசுகிறோம். அந்தப் பையை ரோடாக மாற்றிக் காட்டியவர் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார்!

பெயர் ராஜகோபாலன் வாசுதேவன். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

"பாடம் நடத்துற வாத்தியாருக்கு ரோடு போடுற வேலை எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இருக்கிறது விஷயம்.

ஜல்லிக்குச் சட்டை

தார் ரோட்டுக்கு எமன் தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே மழைத் தண்ணீர் புகுந்தால் ரோடு பெயரும், குழி விழும்.

இவர் செய்தது என்ன? சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். ஒரு நிமிடத்துக்குள் அது இளகி, ஜல்லிக்குச் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகுதான் தார். தண்ணீர் லேசில் புகாது. தாரிலும் சுமார் 10 சதவீதம் மிச்சம். பி.வி.சி. மட்டும் கூடாது; சூடானால் விஷப்புகை.

16 வருஷம்!

2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ரோடு போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2015-ல் பெரிய நகரங்களை ஒட்டிய தார் ரோடுகளில் கழிவு பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்றது மத்திய அரசு. பத்மஸ்ரீ விருது வந்தது 2018-ல்.

விருது சந்தோஷம்தான். ஆனால் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியது ஜல்லியைச் சூடாக்கிய நாளில் அல்லவா?

முதலில் மனு

கல்லூரிகளில் பதவி உயர்வு என்றாலே "எத்தனை கட்டுரை எழுதினீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அவசரப்பட்டுக் கட்டுரையை அச்சேற்றிவிட்டால், 'இது ஊரறிந்த சங்கதி' என்று காப்புரிமை மனு தள்ளுபடி ஆகலாம். முதலில் மனு, அப்புறம் கட்டுரை. இதை எடுத்துச் சொல்ல ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆள் வேண்டாமா?

2021-ல் கல்வி நிலையங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல காரியம். கட்டணம் குறைந்தால் மட்டும் போதுமா? கண்டுபிடித்தவருக்கு வருமானத்தில் பங்கு, பதவி உயர்வில் மதிப்பு, சோதனைக்கு நேரம் - இவையும் வேண்டும்.

அடுத்த மழையில் குழியில் இறங்கி பஸ் குலுங்கும்போது நினைத்துப் பாருங்கள். அதற்கு மருந்து ஏதோ ஒரு கல்லூரி லேபில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் தயாராகிக்கொண்டிருக்கலாம்!